சைக்கிள்ல மதுரைக்கு ரெண்டு நாள்: முழுசா மிதிக்கிறதா, ரயில்ல ஏத்திட்டு வர்றதா, வந்தப்புறம் எந்தப் பக்கம் போறது

மதுரைக்கு சைக்கிள்ல வரணும், சனி ஞாயிறு ரெண்டே நாள், செலவு கையக் கடிக்கக் கூடாதுன்னு சொல்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த ரோடு நல்லாருக்கும்னுதான். எனக்கு அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். உங்க கால்ல இருக்குற தெம்ப வர்ற வழியில செலவழிக்கப் போறீங்களா, வந்த எடத்துல செலவழிக்கப் போறீங்களா? மீனாட்சியம்மன் கோயில் மட்டும் பாத்துட்டுத் திரும்புறதா இருந்தா இங்க சைக்கிளே வேண்டாம், ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து கால் மணி நேரம் நடந்தா மேலக் கோபுரம் வந்துரும். ஆனா ஊரச் சுத்தி 25 கிலோமீட்டருக்குள்ள யானைமலை, சமணர் மலை, அழகர் மலை, திருப்பரங்குன்றம், கீழடின்னு ஆயிரம் ரெண்டாயிரம் வருஷத்து சங்கதி அங்கிட்டும் இங்கிட்டுமா செதறிக் கெடக்கு, அதுக்குத்தான் சைக்கிள் வேணும். டவுன் பஸ்ஸுல போனா எறங்குன எடத்துலேர்ந்து இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர் நடக்கணும், திரும்பி வர்ற பஸ் எப்போன்னு யாருக்கும் தெரியாது. சைக்கிள்னா மலை அடிவாரம் வரைக்கும் நேராப் போய் நிக்கலாம்.

அதனால நான் சொல்றது இதுதான், ஊருக்கு வர்றத முடிஞ்ச அளவுக்கு லேசா வச்சுக்கோங்க, மிதிக்கிறத ஊருக்கு வந்தப்புறம் வச்சுக்கோங்க. இதுக்கு ஒத்து வராத ஆளுகளும் இருக்காங்க, அவங்களுக்கு ரோடுதான் ட்ரிப்பே, அதுவும் நியாயந்தான். அவங்களுக்கும் சேத்தே எழுதுறேன்.

திருச்சியிலேர்ந்து வர்றவங்கள மொதல்ல பாப்போம். கிட்டத்தட்ட 135 கிலோமீட்டர், விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர், ஒத்தக்கடைன்னு வந்து சேரணும். நல்லா பழக்கம் இருந்தா ஒரே நாள்ல முடிச்சுரலாம், ரோடும் நாலுவழிச் சாலை, குழி கிழி இருக்காது. ஆனா நாலுவழி போட்டப்போ ரோட்டோரத்துல இருந்த புளியமரத்த எல்லாம் எடுத்துட்டாங்க, பத்து மணிக்கு மேல நெழல்னு ஒண்ணு தேடணும்னா பாலத்துக்கு அடியிலதான் தேடணும். ஓரத்துல லாரிய நிறுத்தி வச்சிருப்பாய்ங்க, அதச் சுத்திப் போறதுக்கு நடு ரோட்டுக்கு வர வேண்டியிருக்கும், பின்னாடி 100 வேகத்துல கார் வரும். எதிர்ப்பக்கமா வர்ற டூவீலரும் ஓரத்துலதான் வரும். அதனால இந்த ரோட்டுல கண்ணாடி, பின்னாடி செகப்பு லைட்டு, பளிச்சுன்னு ஒரு சட்டை, இந்த மூணும் இல்லாம எறங்கவே எறங்காதீங்க, பட்ஜெட் ட்ரிப்புனு இதுல மிச்சம் புடிக்க வேண்டாம்.

இந்த வழிக்கு காத்துதான் பெரிய கணக்கு. ஆனி, ஆடியில மேக்கத்திக் காத்து. திருச்சியிலேர்ந்து மதுரைக்கு வர்றவங்க தென்மேக்க பாத்துத்தான் வரணும், அப்ப காத்து மூஞ்சிலயே அடிக்கும், 135 கிலோமீட்டர் 180 மாதிரி ஆயிரும். மார்கழி, தையில காத்து வடகெழக்கேருந்து வரும், அப்ப முதுகுல கை வச்சுத் தள்ளி விடும். அதனால திருச்சிக்காரங்க முழுசா மிதிச்சு வர ஆசப்பட்டா மார்கழி பாதியிலேர்ந்து தை முடியுற வரைக்கும் வாங்க, ஆடியில வேண்டவே வேண்டாம், அந்த மாசம் பஸ்ஸோ ரயிலோ ஏறிருங்க.

இன்னொண்ணு, மேலூர் வந்தப்புறம் ஹைவேயிலயே கடைசி வரைக்கும் வர வேண்டியதில்ல. மேலூர்லேர்ந்தே அழகர்கோவிலுக்கு ரோடு பிரியுது, அதுல போனா கூட்டம் கொறைவு, வலது கைப் பக்கம் அழகர் மலை கூடவே வரும். இல்ல, மேலூர் தாண்டி நரசிங்கம்பட்டி பக்கமா உள்ள திரும்பினா அரிட்டாபட்டி. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசாங்கம் அறிவிச்ச ஊரு அது. பாறையக் கொடஞ்ச சிவன் கோயிலு, தமிழ் பிராமி கல்வெட்டு, சமணர் சிற்பம், மலைக்கு மலை சுனைன்னு எல்லாம் ஒரே ஊருக்குள்ள இருக்கு. 2024 கடைசியில டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்கன்னு தெரிஞ்சதும் சுத்துப்பட்டு ஊரே திரண்டு நின்னுச்சு, 2025 ஜனவரியில ஏலத்தையே ரத்து பண்ணாங்க. அந்த மலைய நேர்ல பாத்தா ஊர்க்காரங்க ஏன் அப்படி நின்னாங்கன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

திண்டுக்கல்லேர்ந்து வர்றது, என்னக் கேட்டா எல்லாத்துலயும் இதுதான் முதல் வழி. 65 கிலோமீட்டர் சுமாரு, சாதா சைக்கிள்லயே வரலாம், கியர் வேணும்னு இல்ல. பெரிய ஏத்தம் எதுவும் கெடையாது, சிறுமலை இடது கைப் பக்கம் கூடவே வரும். ஆடிக் காத்துகூட இந்த வழிக்கு எதிரி இல்ல, பின்னாடியும் பக்கவாட்டுலயுமாத்தான் அடிக்கும். சின்னாளப்பட்டி, காந்திகிராமம், கொடைரோடு, வாடிப்பட்டி வரைக்கும் நாலுவழிச் சாலையும் சர்வீஸ் ரோடுமா மாத்தி மாத்தி வரணும், அது சும்மா தூரத்தக் கழிக்கிற வேலை.

ஆனா வாடிப்பட்டியில நேரா சமயநல்லூர், பரவைன்னு போயிராதீங்க. அங்க வலது பக்கம் திரும்பி சோழவந்தானுக்கு வாங்க, எட்டு பத்து கிலோமீட்டர்தான். அதுக்கப்புறம் வைகைய ஒட்டி திருவேடகம், பாலத்துல ஆத்தத் தாண்டி மேலக்கால், துவரிமான், கோச்சடைன்னு மதுரைக்குள்ள வந்துரலாம். நேரா வர்றதவிட கொஞ்சம் கூட மிதிக்கணும், ஆனா ரெண்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. பெரியாத்துத் தண்ணி பாயுற வயக்காடு, தென்னந்தோப்பு, வாழை, அப்புறம் சோழவந்தான் வெத்தலைக் கொடிக்கா. 2023ல புவிசார் குறியீடு வாங்குன வெத்தல இது. கொடிக்காலுக்குள்ள ஒரு தடவயாவது கேட்டுட்டு எறங்கிப் பாருங்க, அகத்தி மரத்த வரிசையா நட்டு அதுல கொடிய ஏத்தி விட்டுருப்பாங்க, ரெண்டு வரிசைக்கு நடுவுல தண்ணி நிக்கிற வாய்க்கா, வெளிய வெயில் கொளுத்தினாலும் உள்ள போனதும் ஒடம்பு சில்லுனு ஆயிரும். கிள்ளுற ஆளுக கட்டை வெரல் நகத்துல தகரத்துல செஞ்ச ஒரு நகத்த மாட்டிக்கிட்டு டக்கு டக்குனு கிள்ளிப் போட்டுக்கிட்டே, "எங்கிட்டுருந்து வாரீக தம்பி"னு கேப்பாங்க. சைக்கிள்ல வந்தோம்னா தண்ணி குடுக்காம விட மாட்டாங்க.

திருவேடகத்துல ஏடகநாதர் கோயில். சம்பந்தர் வைகையில விட்ட ஏடு தண்ணிய எதுத்துப் போய்க் கரை ஏறுன எடம்னு சொல்ற தலம். சமணர்களோட வாதத்துல ஜெயிச்ச கதை, மதுரைக்காரங்களுக்கு எல்லாம் பாடமா தெரிஞ்சது. இத நெஞ்சுல வச்சுக்கிட்டு மறுநாள் சமணர் மலைக்குப் போங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

சென்னை, விழுப்புரம் பக்கத்து ஆளுக ரெண்டு நாள்ல மிதிச்சு வர்றதுங்கற பேச்சே இல்ல, ரயில்தான். இதுல ஒரு விஷயத்த மட்டும் கவனிக்கணும், மதுரையோட முடியுற வண்டியாப் பாத்து ஏறுங்க. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ராத்திரி கெளம்பி விடியக்காலம் வந்துரும், வைகை எக்ஸ்பிரஸ் மதியம் கெளம்பி ராத்திரிக்கு வரும், ரெண்டும் மதுரையோட நின்னுரும், அதனால பிரேக் வேன்ல, அதாவது பார்சல் ஏத்துற பெட்டியில போட்ட சைக்கிள் எறங்கியே ஆகணும். கன்னியாகுமரி, நெல்லை போற வண்டியில ஏத்தினா இங்க நிக்கிற கொஞ்ச நேரத்துல எறக்காம விட்டுட்டா சைக்கிள் மட்டும் தெக்க போயிரும், உங்க ரெண்டு நாளும் அதோட முடிஞ்சுச்சு. திண்டுக்கல்ல எறங்கி சோழவந்தான் வழியா மிதிச்சு வரலாமேன்னு தோணும், நல்ல யோசனைதான், ஆனா திண்டுக்கல்ல வண்டி நிக்கிறது கொஞ்ச நிமிஷம், அதுக்குள்ள பிரேக் வேனத் தொறந்து எறக்குவாங்கன்னு நம்பி இருக்க முடியாது. மதுரையிலயே எறங்கி கோச்சடை, மேலக்கால் வழியா சோழவந்தான் வரைக்கும் போயிட்டு வாங்க, போக வர 50 கிலோமீட்டருக்குள்ளதான்.

பார்சல் ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் முன்னாடி போய் நிக்கணும், டிக்கெட்டும் அடையாள அட்டையும் கைல இருக்கணும். லைட்டு, பம்பு, பாட்டில், கழட்டுற மாதிரி எது இருந்தாலும் கழட்டிப் பைக்குள்ள போட்டுருங்க. பெடல உள்பக்கமா திருப்பிக் கட்டி, ஹேண்டில்லயும் பின் சக்கரத்துப் பக்கமும் சாக்கு சுத்துங்க. பேரு, போற ஊரு, ரசீது நம்பர் எழுதுன அட்டைய ஒண்ணு ஹேண்டில்லயும் இன்னொண்ணு சீட்டுக்கு அடியிலயும் கட்டுங்க, மூட்டைக்கு நடுவுல அடுக்குறப்ப ஒண்ணு பிஞ்சாலும் இன்னொண்ணு நிக்கும். மடக்கு சைக்கிள் வச்சிருந்தா இந்த அலைச்சலே இல்ல, பையில போட்டு சீட்டுக்கு அடியில தள்ளிரலாம். ஆனா மடக்கு சைக்கிளோட சின்னச் சக்கரம் கிராமத்து ரோட்டுல நல்லாவே ஆட்டி எடுக்கும்.

பஸ்ஸப் பத்தி ரொம்ப சொல்றதுக்கு இல்ல. ஆம்னி பஸ்னா டிக்கில சக்கரத்தக் கழட்டிப் போட விடுவாங்க, டிரைவர் மனசு வைக்கணும், லக்கேஜ் காசு பேசித்தான் முடிக்கணும். அரசு பஸ்ல மேல கேரியர் இருந்த காலம் போயிருச்சு. வெறுங்கையோட வந்து இங்க வாடகைக்கு எடுத்துக்கலாம்னு நெனைக்கிறவங்களுக்கு, முன்னெல்லாம் தெருவுக்குத் தெரு மணிக்கணக்குல வாடகை சைக்கிள் கடை இருந்துச்சு, இப்ப அத நம்பிக் கெளம்ப முடியாது. லாட்ஜ்ல முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு, இருக்குன்னு சொன்னா மட்டும் வாங்க. அதுவும் 40 கிலோமீட்டருக்கு மேல அந்த சைக்கிள்ல போகாதீங்க, சீட்டு ஒயரம் உங்களுக்கு சரியா அமையாது, முட்டி வலி வந்துரும்.

சரி, ஊருக்கு வந்தாச்சு. கையில ரெண்டு காலைப்பொழுது ஒரு சாயங்காலம்னு வச்சுக்குவோம். எந்தப் பக்கம்?

எனக்கு ஒரே ஒரு காலைதான் குடுப்பேன்னு சொன்னா நான் மேக்கதான் போவேன், கீழக்குயில்குடி சமணர் மலை. 12 கிலோமீட்டர் சுமாரு, நாகமலைப் புதுக்கோட்டை பக்கம். அஞ்சரைக்குக் கெளம்பினா ஆறரைக்கு அடிவாரத்துல இருக்கலாம். பெரிய ஆலமரம், அய்யனார் கருப்பசாமி கோயில், வாசல்லயே தாமரைக் கொளம், சைக்கிள அங்க பூட்டிட்டு பாறையில வெட்டியிருக்குற படியில ஏறணும். பாதி மேல போனா பேச்சிப்பள்ளம், ஒரு சுனைக்கு மேல பாறையில வரிசையா எட்டு சிற்பம், மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலின்னு. அதுக்குக் கீழ வட்டெழுத்துங்கற பழைய எழுத்துல கல்வெட்டு, யார் செஞ்சு குடுத்தான்னு பேரோட. மலையோட இன்னொரு பக்கம் செட்டிப்புடவு, குகைக்கு வெளியில பெருசா ஒக்காந்திருக்குற தீர்த்தங்கரர், சமணர்களோட குரு. இது எல்லாம் 9, 10ஆம் நூற்றாண்டு. சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. அதாவது வாதத்துல தோத்து சமணமே மதுரைய விட்டுப் போயிருச்சுன்னு நாம கேட்டு வளந்த கதைக்கு ரெண்டு மூணு நூறு வருஷம் கழிச்சும் இங்க சமணத் துறவிங்களோட பள்ளி நடந்திருக்கு, சிற்பம் செதுக்க ஊர்க்காரங்க காசு குடுத்திருக்காங்க. திருவேடகத்த முந்தின நாள் பாத்துட்டு இத மறுநாள் பாத்தீங்கன்னா ரெண்டும் சேந்து ஒரு மதுரைய காட்டும், கோயில மட்டும் பாத்துட்டுப் போறவங்களுக்கு அது கெடைக்காது. அதுக்காகவே மத்ததையெல்லாம் விட இத முன்னாடி வைக்கிறேன்.

வடக்க அழகர்கோவில், 21 கிலோமீட்டர். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதின்னு போற ரோடு. மூன்றுமாவடி வரைக்கும் டவுன் ட்ராபிக், அதுக்கப்புறம் நல்லாருக்கும். கோட்டைச் சுவரு, பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதியில சந்தனம் சாத்துன பெரிய மூடுன கதவு, பிரசாதமா குடுக்குற அழகர்கோவில் தோசை, தடிமனா மொறுமொறுன்னு, ஒண்ணு சாப்ட்டா மதியம் வரைக்கும் தாங்கும். பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் மலை மேல போறதுக்கு சைக்கிள மிதிக்க வேண்டாம், கீழ விட்டுட்டு வேன்லயோ நடந்தோ போங்க. கொரங்கு ஜாஸ்தி, சைக்கிள்ல பைய மாட்டிட்டுப் போனா ஜிப்பத் தொறந்து எல்லாத்தையும் எறச்சிரும். குடும்பத்தோட, சின்னப் பசங்களோட வர்றவங்களுக்கு சமணர் மலைய விட இதுதான் சரி, கடை கண்ணி இருக்கு, ஒதுங்க எடம் இருக்கு.

நேரம் ரொம்பக் கொறச்சல்னா யானைமலை நரசிங்கம், ஒத்தக்கடை வழியா 10 கிலோமீட்டர். 770ல பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனோட அமைச்சர் மாறன்காரி கொடைய ஆரம்பிச்சு, அவர் தம்பி மாறன் எயினன் முடிச்ச குடைவரைக் கோயில், பக்கத்துலயே லாடன் கோயில்னு ஒரு முருகன் குடைவரை. திரும்புறப்ப மாட்டுத்தாவணி ட்ராபிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்துரணும்.

கீழடிய மட்டும் சைக்கிள்ல வேண்டாம்னுதான் சொல்லுவேன். தூரம் 12, 13 கிலோமீட்டர்தான், தட்டையான ரோடு, ஆனா 2023ல தொறந்த அந்த மியூசியம் காலையில பத்து மணிக்கு மேலதான். பத்துக்குப் போய் ஒழுங்காப் பாத்து முடிச்சு வெளிய வந்தா உச்சி வெயில்ல ராமேஸ்வரம் ரோட்டுல திரும்பி வரணும். பஸ்ஸுல போயிட்டு வாங்க, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்குற எடம், மத்தியான நேரத்துக்கு அதவிட நல்ல எடம் கெடைக்காது. விடுமுறை எந்தக் கெழமைன்னு மட்டும் கெளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

திருப்பரங்குன்றம் 8 கிலோமீட்டர், அது சமணர் மலை போயிட்டு வர்ற வழியிலயே சேத்துக்கலாம். தெப்பக்குளம் இன்னும் பக்கம், 1645ல திருமலை நாயக்கர் வெட்டுனது, கொளத்தச் சுத்தி ஒரு ரவுண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும், ரெண்டாவது நாள் காலையில கால் வலிச்சா இத மட்டும் சுத்திட்டு வந்து பருத்திப்பால் குடிங்க.

இப்ப மீனாட்சியம்மன் கோயிலுக்கு எந்த நேரம்ங்கறது. மத்தியானம் பன்னெண்டரைக்கு நடை சாத்தினா நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க. காலையில கோயிலு, சாயங்காலம் சைக்கிள்னு நெறைய பேரு போடுறாங்க, நான் அதத் திருப்பிப் போடச் சொல்லுவேன். காலைக் குளிர்ல மலைக்கு மிதிச்சுட்டு பத்துக்குள்ள ரூமுக்கு வந்துருங்க, சாப்ட்டுத் தூங்குங்க, அஞ்சு மணிக்கு மேல கோயிலுக்குப் போய் ராத்திரி பள்ளியறை பூஜை வரைக்கும் இருங்க. சொக்கநாதரோட பாதத்தப் பல்லக்குல வச்சு மேளதாளத்தோட அம்மன் சன்னதிக்குத் தூக்கிட்டு வருவாங்க, பகல்ல இருக்குற தள்ளுமுள்ளு அப்ப இருக்காது. கோயிலுக்கு சைக்கிள எடுத்துட்டுப் போகாதீங்க, சித்திரை வீதியில வண்டிக்கு அனுமதி இல்ல, லாட்ஜ்லயே பூட்டிட்டு நடங்க. ட்ரவுசரோட உள்ள விட மாட்டாங்க, பையில ஒரு வேட்டி வச்சுக்கோங்க. 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்புடிச்சப்புறம் ஹைகோர்ட் உத்தரவு, செல்போன் உள்ள கெடையாது, வாசல்லயே குடுத்து வச்சுட்டுப் போகணும்.

தங்குறதுக்கு மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம்தான் வசதி, ரூம் எடுக்குறதுக்கு முன்னாடி சைக்கிள் எங்க வைக்கிறதுன்னு கேட்டுட்டு எடுங்க, மாடிப்படிக்கு அடியில உள்பக்கமா விட்டாங்கன்னா அந்த லாட்ஜ், தெருவுல நிறுத்துங்கன்னா அடுத்த லாட்ஜ். ரயில் டிக்கெட் இருக்குற ஒத்த ஆளுக்கு ஸ்டேஷன் டார்மெட்டரி செலவு கொறையும், ஆனா சைக்கிளுக்கு அங்க பத்திரமான எடம் இல்ல, அதனால ரெண்டு பேரா சேந்து ரூம் போடுறதுதான் சைக்கிள்காரங்களுக்கு நல்லது. சாப்பாட்டுக்கு மதுரையில கவலையே வேண்டாம், ராத்திரி எந்நேரமும் இட்லி கெடைக்கும், மலைக்குப் போற அன்னைக்கு மட்டும் காலையில நாலு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கைல இருக்கட்டும், கீழக்குயில்குடியில அந்த நேரத்துக்கு கடை தொறந்திருக்கும்னு இருக்காதீங்க.

பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் சைக்கிள் ட்ரிப்பே வேண்டாம். சித்திரைத் திருவிழா பாக்கணும்னா தாராளமா வாங்க, ஆனா சைக்கிள வீட்ல விட்டுட்டு வாங்க, அழகர் ஆத்துல எறங்குறப்ப ஊர்ல கால் வைக்கவே எடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில மழை, பாறை வழுக்கும், பேச்சிப்பள்ளத்துக்கு ஏறுறது ஆபத்து. தை மாசம் பௌர்ணமி ஒட்டுன சனி ஞாயிறா அமைஞ்சா தெப்பத் திருவிழாவும் சேந்து கெடைக்கும், அந்த வாரத்துக்கு மட்டும் ரூம முன்கூட்டியே சொல்லி வச்சுருங்க, திரும்பிப் போறதுக்கு சைக்கிள் புக்கிங்கையும் ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் இழுக்காம காலையிலயே பார்சல் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டு வச்சுக்கோங்க.